ஏழாவது பெயர்

1974 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு அந்தமானில் லம்பா லைன் குடியிருப்பில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் என்னைப் பழைய சாமான் வாங்குகிறவன் என்று நினைத்து ஓட்டை விழுந்த அலுமினியப் பாத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். நான் கேட்டது ரிக்கார்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் பாட்டுக்குழு போட்ட முதலும் கடைசியுமான இசைத்தட்டு. மொத்தம் முந்நூறு தட்டு, முந்நூறும் கோணல். கோணலைக் கொடுங்கள், ஒன்றுக்கு ஒன்று நேரானது தருகிறேன், அடுத்த மாசக் கப்பலில் வருகிறது என்று எல்லா வாசலிலும் ஒரே பல்லவியைப் பாடினேன். மத்தியானத்துக்குள் சாக்கு கனத்துவிட்டது. மனசு அதே அளவுக்கு லேசாகியது என்று சொன்னால் பொய்யில்லை.

மரகதம் வீட்டுக்குக் கடைசியாகப் போனேன். அவள் தன் ரிக்கார்டைத் துணியில் சுற்றி, அரிசி டின்னுக்கு மேலே படுக்கையாக வைத்திருந்தாள். வெயில் படாத இடம். எடுத்து முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள்.

"புதுசுல பேரெல்லாம் நல்லாக் கேக்கும்ல அண்ணே?"

"கணீர்னு கேக்கும்மா. இது மாதிரி ஊசி துள்ளாது."

அவள் கொடுத்தாள். நான் வாங்கிச் சாக்கில் போட்டேன். புது ரிக்கார்டை அப்போது நான் ஒரு வரிகூடக் கேட்டிருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எனக்கு உத்தியோகம் போர்ட் பிளேரில் கப்பல் சரக்குக் கிளார்க். ஜெகநாதன் என்றால் யாருக்கும் தெரியாது, 'கார்கோ பாபு' என்றால் துறைமுகத்தில் நாய்க்குக்கூடத் தெரியும். சாயங்காலங்களில் புல்புல்தாரா வாசிப்பேன். ஜம்புலிங்கம் ரோடு போடும் கேங்கில் இருந்தான், அவன் காலித் தார் டிரம்மை இரும்புக் கம்பியால் அடிப்பான். காதர், அபர்டீன் பஜாரில் தன் அண்ணன் அப்துல் வாஹித் வைத்திருந்த துணிக்கடையில் துணி கிழித்தபடியே பாட்டுக்கு வரி கட்டுவான். அவன்தான் பாடுவான். பாடுவான் என்பதும் மரியாதைக்குச் சொல்வது. கரகரத்த தொண்டையில் அடித்துப் பேசுவான், அவ்வளவுதான். என் புல்புல்தாராவில் ஒரு மைக்கைக் கட்டி ஒலிபெருக்கிப் பெட்டியில் விட்டால் அது தகரம் கிழிவது போல அலறும். சினிமாப் பாட்டு வாசிக்க மாட்டோம். கப்பல் வராமல் கருப்பட்டியும் வெங்காயமும் தீர்ந்துபோன வாரத்தைப் பற்றி ஒரு பாட்டு, மலேரியாவைப் பற்றி ஒரு பாட்டு, இப்படி. ஒரு பொங்கல் விழாவில் பாதியிலேயே மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். "சாவு வீட்டுலகூட இதவிட நல்லா ஒப்பாரி வெப்பாங்கய்யா" என்றார் விழாத் தலைவர். காதர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

தோணிப் பாட்டு அதற்கப்புறம் வந்தது. 1968 ஆகஸ்ட் மாதம் காதர் துணி மூட்டையோடு பாராடாங் தீவுக்குப் போயிருந்தான். அங்கே ஒரு காண்ட்ராக்டருடைய மரம் வெட்டும் கேம்ப் இருந்தது, கூலிகளுக்கு லுங்கியும் பனியனும் தவணையில் விற்கலாம். மழைக் காற்றில் ஓடை பொங்கிக்கொண்டிருந்த நேரம். அக்கரையில் வெட்டிப் போட்ட மரத்தைத் தெப்பம் கட்டியே ஆகவேண்டும் என்று மேஸ்திரி ஒரு சின்னத் தோணியில் ஆட்களை ஏற்றிவிட்டான். காதர் கரையில் மூட்டையின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். தோணி பாதி வழியில் கவிழ்ந்தது. மூன்று நாளில் ஆறு உடல் கிடைத்தது. கூலிகளின் பெயர் எழுதும் மஸ்டர் ரோலிலும் ஆறு பெயர்தான் இருந்தது. கணக்கு நேராகிவிட்டது, ஃபைலை மூடிவிட்டார்கள்.

ஏழாவது ஆள் சொக்கலிங்கம், மரகதத்தின் புருஷன். அன்று காலையில்தான் வேறொரு கேம்ப்பிலிருந்து இங்கே மாற்றி அனுப்பியிருந்தார்கள். பழைய மஸ்டரில் பெயரை அடித்தாகிவிட்டது, புதிய மஸ்டரில் இன்னும் எழுதவில்லை. அந்த இடைவெளியில் போய்ச் சேர்ந்தார். மேஸ்திரி கூசாமல் சொன்னான்: "அவன் தோணியிலயே ஏறல. அட்வான்ஸ வாங்கிட்டு மெட்ராஸ் கப்பல் ஏறிட்டான், பாகல், கிறுக்குப் பய."

காதர் பாராடாங்கிலிருந்து வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக லம்பா லைன் போனான். நானும் கூடப் போனேன். மரகதம் எதுவும் தெரியாமல் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காதர் சுற்றி வளைக்கவில்லை.

"நான் கண்ணால பாத்தேம்மா. ஏழு பேரு. ஒவ்வொருத்தரா ஏறுனாங்க. கடசியா ஏறுனது உங்க வீட்டுக்காரரு. ஏறதுக்கு முன்னாடி எங்கிட்ட பீடிக்கு நெருப்பு கேட்டாரு. பேரக் கேட்டேன், சொன்னாரு."

அந்த வார்த்தையை நம்பித்தான் அவள் பதினாறாம் நாள் ஜங்லிகாட் கரையில் உட்கார்ந்து பொட்டை அழித்தாள், தாலியைக் கழற்றினாள். உடல் இல்லை, சர்டிஃபிகேட் இல்லை. காதர் பார்த்தான், அதுதான் இருந்தது. விசாரிக்க வேண்டியவர்களிடம் காதர் நாலு தடவை போய் நின்றான். மஸ்டரைப் புரட்டிக் காட்டினார்கள்.

அதன் பிறகுதான் அவன் பாட்டைக் கட்டினான். பாட்டின் கடைசியில் என் வாத்தியம் நின்றுவிடும். காதர் ஏறின வரிசைப்படி பெயர்களைச் சொல்வான், ராகமில்லை, தாளமில்லை. ராமையா. தாவூது. அப்பாராவ். சூசை. இருளப்பன். குருநாதன். சொக்கலிங்கம். ஒவ்வொரு பெயருக்கும் ஜம்புலிங்கம் டிரம்மில் ஒரு அடி. ஏழாவது அடியின் அதிர்வு அடங்கும்வரை யாரும் மூச்சு விடக்கூடாது என்பது காதர் போட்ட சட்டம். அந்தப் பாட்டுக்காகத்தான் மூன்று பேரும் லீவு போட்டு, கடன் வாங்கி, மெட்ராஸ் போய் ஒரு சின்னக் கம்பெனியில் ரிக்கார்டு போட்டோம். ஒலிப்பதிவு செய்தவர் பெயர்களைக் கேட்டுவிட்டு, "என்ன சார் இது, ரேஷன் கடையில கூப்புடற மாதிரி இருக்கு?" என்றார். "ஆமா, வரவேண்டியவங்கதான்" என்றான் காதர்.

இனி என் திறமையைச் சொல்லவேண்டும். ஜனவரி இருபத்தாறு விழாவில் ரிக்கார்டை வெளியிடுவதாக ஏற்பாடு. கப்பல் இருபத்து மூன்றாம் தேதிதான் வரும். கப்பலின் வயிற்றுக்குள் அடுக்கிய சரக்கு இறங்க ஆறு நாள் ஆகும், மேல்தளத்தில் வைக்கிற காய்கறி, வெற்றிலை, முட்டை மட்டும் வந்த அன்றே இறங்கிவிடும். தீவில் இது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. கல்யாணப் பட்டுப்புடவையைக்கூட அழுகும் சரக்கு என்று எழுதி வரவழைத்தவர்கள் உண்டு. நான் கார்கோ பாபு, எனக்குத் தெரியாதா? மெட்ராஸ் ஏஜெண்டுக்கு எழுதி, ரிக்கார்டுப் பெட்டியில் 'அழுகும் சரக்கு' என்று சீல் குத்த வைத்தேன். நான்கு நாள் அது கத்தரிக்காய்க் கூடைகளுக்கு நடுவில் வெயிலில் காய்ந்தது. வந்த அன்றே இறங்கியது, அதில் குறையில்லை. திறந்து பார்த்தால் முந்நூறும் பொரித்த அப்பளம்.

நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஜம்புலிங்கம் என்னை அடிக்காமல் விட்டது ஆச்சரியம். காதர் மட்டும் ஒரு தட்டை எடுத்து, அண்ணன் கடை மின்சார கிராமபோனில் போட்டுப் பார்த்தான். ஓரத்தில் ஊசி நிற்கவே இல்லை, துள்ளித் துள்ளி விழுந்தது. அவன் ஊசியைத் தூக்கி உள்ளே, லேபிளுக்குப் பக்கத்தில், தோணிப் பாட்டு முடிகிற இடத்தில் வைத்தான். அங்கே தட்டு அவ்வளவாக வளையவில்லை. ராமையா என்று அவன் குரல் வந்தது. ஏழு பெயரும் வந்தன.

"பாட்டு போனாப் போவுது. ஆளுங்க இருக்காங்க, போதும்" என்றான்.

அப்படித்தான் எங்கள் பாட்டு யாருக்கும் தெரியாமல் பெயர்கள் மட்டும் ஊருக்குத் தெரிந்தன. பாதி விலைக்குக் கொடுத்தோம், சும்மாவும் கொடுத்தோம். டீக்கடையில் போடுவார்கள், ஊசியை நேராக உள்ளே வைத்துவிடுவார்கள். மரகதம் அமாவாசைக்கு அமாவாசை தன் தட்டை எடுத்துக்கொண்டு துணிக்கடைக்கு வருவாள். கதவோரம் நின்று கேட்பாள், ஏழாவது அடி அடங்கியதும் துணியில் சுற்றி எடுத்துப் போவாள். அழமாட்டாள். மேஸ்திரி பஜாரில் எதிர்ப்பட்டால் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போவாள். 1971-இல் காதர் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு நான் புல்புல்தாராவைத் தொடவில்லை. அந்த முந்நூறு கோணல் தட்டுகள் மட்டும் ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

1973 கடைசியில் மெட்ராஸ் கம்பெனியிலிருந்து டைப் அடித்த கடிதம் வந்தது. எங்கள் ரிக்கார்டைப் பற்றி ஏதோ ஒரு பத்திரிகையில் எழுதியிருக்கிறார்களாம், காலேஜ் பையன்கள் தேடுகிறார்களாம், மறுபடி வெளியிடப் போகிறார்களாம். சில சின்ன மாற்றங்கள்: கொஞ்சம் வயலின் சேர்ப்பார்கள், நீளம் கருதி தோணிப் பாட்டின் முடிவை ஒலியைப் படிப்படியாகக் குறைத்து முடிப்பார்கள். பழைய தட்டுகளைத் திருப்பி அனுப்பினால் உருக்கிக்கொண்டு எண்ணிக்கைக்குச் சமமாகப் புதியது இனாம். குழுவின் சார்பில் சம்மதம் தேவை. நான் ஆபீசில், என் மேஜையில், மற்றக் காகிதங்களுக்கு நடுவில் வைத்து அதைப் படித்தேன். ஒரு நாளைக்கு நாற்பது காகிதத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதுகிற கை. எழுதியது, கையெழுத்துப் போட்டது, சீல் குத்தியது. ஒலியைக் குறைத்து முடிப்பது என்றால் என்ன என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால் புரிந்திருக்கும். யோசிக்கவில்லை. நேரான தட்டு வரப்போகிறது, என் பாவம் தீரப்போகிறது என்று மட்டும் நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் சாக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். இந்தத் தடவை பெட்டியைக் கப்பலின் வயிற்றுக்குள், குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லி நானே நின்று ஏற்றினேன். உருக்கப் போகிற தட்டுகளுக்கு அத்தனை கவனம்.

மார்ச்சில் புதியது வந்தது. பளபளவென்று அட்டை, அதில் தென்னை மரம். அப்துல் வாஹித் கடையில் நாங்கள் நாலு பேர் கூடினோம். அவர், நான், ஜம்புலிங்கம், மரகதம். தோணிப் பாட்டை முதல் வரியிலிருந்து மரகதம் அன்றுதான் கேட்டாள். ஜம்புலிங்கம் தன் டிரம் சத்தத்தை வயலினுக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தான். பெயர்கள் வந்தன. ராமையா, தாவூது, நல்ல தெளிவு. அப்பாராவில் குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. இருளப்பன் அடுத்த தெருவிலிருந்து வந்தார். குருநாதன் தெரிந்தவர்களுக்கு மட்டும் கேட்டார். பிறகு ஊசி ஓடும் சத்தம்.

"சத்தத்தக் கூட்டுங்க பாய்" என்றாள் மரகதம்.

அப்துல் வாஹித் கூட்டிவைத்து மறுபடி போட்டார். ராமையா காதைப் பிளந்தார். சொக்கலிங்கம் வரவில்லை. இன்னொரு தடவை போட்டார். மரகதம் என்னைப் பார்த்தாள். நான் அட்டையில் இருந்த தென்னை மரத்தைப் பார்த்தேன்.

"தட்டு மாறிப்போச்சா அண்ணே?"

"எல்லாமே இப்படித்தாம்மா வந்துருக்கு."

"என் பழசத் தாங்க, அது போதும்."

பழசு மெட்ராஸில் உருகிப் பத்து நாள் ஆகியிருக்கும். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, சொன்னேன்.

ஊரில் சும்மா இருப்பார்களா. டீக்கடையில் புது ரிக்கார்டு நாள் முழுக்க ஓடியது. மேஸ்திரி பெஞ்சில் உட்கார்ந்து பன்னைத் தோய்த்துக்கொண்டே கணக்குப் போட்டான். "தேக்கோ, நல்லாப் பாருங்க, ஆறு பேருதான். அவனுங்களே பேர எடுத்துட்டானுங்க. நான் அப்பவே சொன்னேன், அவன் கப்பல் ஏறிட்டான்னு." இவன் சொன்னதை நாலு பேர் திருப்பிச் சொன்னார்கள். காதரே சாகிறதுக்கு முன்னால் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டதாக ஒருவர் சத்தியம் செய்தார். லம்பா லைன் குழாயடியில் பேச்சு வேறு மாதிரி திரும்பியது. புருஷன் உயிரோடு இருக்கும்போது பொட்டை அழித்தவள் என்றார்கள். அவன் எங்கே இருக்கிறானோ, அவனுக்கு ஆகுமா அது என்றார்கள். அவள் குடத்துக்குப் பக்கத்தில் யாரும் தங்கள் குடத்தை வைப்பதில்லை, சுமங்கலி வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிடுவதில்லை, கைம்பெண் வீட்டுத் துக்கத்துக்கும் கூப்பிடுவதில்லை.

மே மாதம் ஒரு நாள் அவள் என் ஆபீசுக்கு வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. ஆறு வருஷமாக வெறும் நெற்றியைப் பார்த்த கண்ணுக்கு அது புண் மாதிரி தெரிந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஒருவேள இருந்துட்டா?" என்றாள். "காதர் பாய் சொன்னப்ப எனக்குச் சந்தேகமே இல்ல. இப்ப அந்தக் குரலக் கேக்க முடியல பாருங்க, அதுல சந்தேகம் வந்துருச்சு. ராத்திரி பகலா அதே நெனப்பு. எங்கயோ இருந்து, நான் அழிச்சதால அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நிச்சயமாத் தெரியற வரைக்கும் வெச்சுக்கறேன்."

"அவர் அந்தத் தோணியிலதாம்மா போனாரு. காதர் பொய் சொல்லமாட்டான்."

"நீங்க பாக்கலியே அண்ணே."

கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன், மறுபடி எழுதினேன். மூலப் பதிவு நாடாவில் வேறு கச்சேரியைப் பதிந்துவிட்டார்களாம். விட்டுப்போன பழைய தட்டு எங்காவது இருக்காதா என்று மறுபடி வீடு வீடாக அலைந்தேன். குட்வில் எஸ்டேட்டில் ஒருவர் வீட்டில் ஒன்று மிஞ்சியிருந்தது. அதைத் தணலில் வாட்டி மடக்கிப் பூத்தொட்டி செய்து, மணி பிளாண்ட் வைத்திருந்தார்கள். "ரொம்ப அழகா வந்துருக்கு இல்ல சார்?" என்றார் அந்த அம்மாள். ஆமாம் என்றேன்.

கம்பெனிக்கு நான் எழுதுவதை நிறுத்தவில்லை. ஏழு பெயரையும் வரிசைப்படி டைப் அடித்து, கடைசிப் பெயரின் அடியில் கோடு போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தேன். மூன்று வருஷம் கழித்து, 1977-இல், அவர்கள் மூன்றாவது தடவை வெளியிட்டார்கள். தங்கள் கோரிக்கையின்படி எல்லாப் பெயர்களும் முழுமையாக இடம்பெற்றுள்ளன என்று கடிதம் வந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, அரை நாள் லீவு போட்டு, லம்பா லைனுக்கு ஓடினேன். கிறுக்கன் மாதிரி வழியிலேயே அழுதேன்.

கப்பல் வந்த அன்று மத்தியானம் மறுபடியும் அப்துல் வாஹித் கடை. ஜம்புலிங்கம் இல்லை, அவனை டிக்லிப்பூர் பக்கம் மாற்றிவிட்டார்கள். மரகதம் இந்தத் தடவை கதவோரம் நிற்கவில்லை, உள்ளே வந்து கிராமபோனுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். தலைமுடி பாதி நரைத்திருந்தது. குங்குமம் இருந்தது.

பாட்டு முழுக்கப் புதிதாகச் செய்திருந்தார்கள். புல்லாங்குழல், தபேலா, வயலின். தேன் மாதிரி ஒரு குரல். கடைசியில் பெயர்கள் வந்தன. ஒவ்வொரு பெயரையும் இழைத்து இழைத்து, மேலே போய்க் கீழே வந்து பாடினார். ஏழாவதாகச் சொக்கலிங்கம் வந்தார். சந்தேகத்துக்கே இடமில்லாமல், இரண்டு தடவை வந்தார்.

"அல்ஹம்துலில்லா" என்றார் அப்துல் வாஹித். "வந்துருச்சும்மா. தெளிவா வந்துருச்சு."

மரகதம் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது யாரு பாய்?"

"மெட்ராஸ்ல பாடறவரு. பெரிய ஆளு."

"இவரு பாராடாங்குல இருந்தாரா?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "அண்ணன் எழுதி அனுப்புனத பாத்துப் பாடிருக்காரு. நாளைக்கு நான் எம்பேர எழுதி அனுப்புனாலும் பாடுவாரு" என்றாள், கோபமே இல்லாத குரலில். பிறகு, "காதர் பாய் சொன்னதப் போடுங்க" என்றாள்.

"அதுல வராதேம்மா, தெரியும்ல."

"போடுங்க."

அப்துல் வாஹித் தென்னை மர அட்டையில் வந்த இரண்டாவது ரிக்கார்டை எடுத்துப் போட்டார். ஊசியை உள்ளே வைத்தார். மரகதம் ஸ்பீக்கர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்து, அதன் துணியில் காதை வைத்து அழுத்திக்கொண்டாள். ஒலித் திருகை நானே கடைசிவரை திருப்பினேன். ராமையா, தாவூது என்று காதர் கத்தியதில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது, அவள் முகம் அசையவில்லை. குரல் இறங்கிக்கொண்டே போனது. குருநாதனும் போனார். பிறகு இரைச்சல், தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி. "இன்னொரு தடவ" என்றாள். இன்னொரு தடவை போட்டோம். வாசலில் நின்ற வாடிக்கையாளரை அப்துல் வாஹித் கைகாட்டிப் போகச் சொன்னார். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ, அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை உயர்த்தினாள்.

"இருக்கு" என்றாள். "ரொம்ப ஆழத்துல இருக்கு. நீங்க கேளுங்க அண்ணே."

நான் தரையில் மண்டியிட்டு, பெட்டியின் மறுபக்கத்தில் காதை வைத்தேன். அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் ஒரு சாண் தூரம். அப்துல் வாஹித் மறுபடி ஊசியை வைத்தார். ஆறு பேரும் ஒவ்வொருவராகப் போன பிறகு எனக்கு இரைச்சல் மட்டும் கேட்டது. காதின் தோல் வலிக்கும்வரை அழுத்தினேன். இரைச்சல்தான்.

"கேட்டுச்சா?" என்றாள்.

பெயர்கள் முடிந்த இடத்தில் ஊசி சுற்றிக்கொண்டே இருந்தது, யாரும் அதைத் தூக்கவில்லை. துணியிலிருந்து காதை எடுக்காமல், கண்ணைத் திறந்து, அவள் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.